மாடுகள் படுத்திருந்த ஓடுபாதை

கிண்ணியா முத்தலிப் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். சீனக்குடா விமானத் தளத்தில் மருமகனுக்குப் பெரிய உத்தியோகம் என்பார் அவருடைய மாமியார். முத்தலிப் காக்கா கொடி காட்டினால்தான் பிளேன் இறங்கும் என்பார்கள், அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றழைக்கும் அயலவர்கள். மாடு விரட்டுகிற ஆள்தானே என்பார்கள், தங்கள் மாடுகளைத் தளத்துக்குள் மேயவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மாட்டுக்காரர்கள். இதில் எவரும் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் அந்தத் தளத்தைப் பெருப்பித்தபோது கல் சுமக்கப் போனவர் முத்தலிப். சுதந்திரம் கிடைத்துப் பல வருடங்களுக்குப் பிறகு, ஐம்பத்தேழில், வெள்ளைக்காரன் தன் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு போனான். அவன் போன கையோடு வேலிக்கும் கால் முளைத்தது. கம்பியெல்லாம் தோட்டங்களுக்குப் போயிற்று, கட்டையெல்லாம் குசினி அடுப்புகளுக்குப் போயிற்று. வேலி போன இடத்தால் மாடு வந்தது. கிண்ணியா மாடு, தம்பலகாமத்து மாடு, யாருடையதென்றே தெரியாத மாடு. கொழும்பிலிருந்து வாரத்தில் சில நாட்கள் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு வரும் விமானம் இறங்குவதற்கு முன், அவற்றை ஓடுபாதையிலிருந்து அகற்ற ஓர் ஆள் வேண்டும் என்று ஆயிற்று. பொறுமைசாலி என்று பெயர் எடுத்திருந்த முத்தலிப்பின் தலையில் அது விழுந்தது.

மற்றவர்கள் தடியோடு பின்னால் ஓடி மாடுகளை நாலு திக்கிலும் சிதறடிப்பார்கள். முத்தலிப் அப்படிச் செய்வதில்லை. கூட்டத்துக்குள் கழுத்து வெளுத்த ஒரு கிழட்டுப் பசு இருந்தது. நேரே அதனிடம் போய், கழுத்தைத் தடவி, எதையாவது கதைத்தபடி அதைக் கூட்டிக்கொண்டு நடப்பார். அது நடந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். பாதை துப்புரவானதும் கட்டடத்தைப் பார்த்து வெள்ளைக்கொடியை உயர்த்துவார். அங்கே வானொலிக்கு முன்னால் இருக்கும் நிலைய அதிகாரி சோமசேகரம் அந்தக் கொடியைக் கண்ட பிறகுதான் விமானிக்கு இறங்கலாம் என்று சொல்வார். இவ்வளவுதான் ஏற்பாடு. வருடக்கணக்காக ஒரு நாளும் பிசகியதில்லை.

விமானம் தாழும்போது அந்தச் சத்தம் குடாவைத் தாண்டிக் கிண்ணியாவில் முத்தலிப்பின் வீட்டுக்குக் கேட்கும். சத்தம் குறைந்து குறைந்து அடங்கினால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவருடைய மனைவி ஸல்ஹா, உலையில் அரிசி போடுகிற கையை நிறுத்தி, ஒரே மகன் ஸெய்னுதீனிடம், "வாப்பா இறக்கிட்டார் மகன்" என்பாள். ஏதோ அந்த ஆகாயக் கப்பலை முத்தலிப் தன் தோளில் தாங்கி இறக்கியதுபோல அவளுக்கு ஒரு பெருமை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்ததும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். மாட்டோடு கதைக்கிற கதையில் பாதியை என்னோடு கதைத்தால் காணும் என்று கிண்டல் பண்ணுவாள். முத்தலிப் சிரித்துவிட்டுப் பேசாமல் சாப்பிடுவார். மனிதரிடம் பேச்சு வராது அவருக்கு.

ஸல்ஹாவின் கை தாராளமான கை. பெருநாள் வந்தால் தளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் சட்டி நிறையச் சோறும் இறைச்சியும் வட்டிலப்பமும் துறையில் படகேறிப் போகும். லிங்கநகரிலிருந்து வந்து முத்தலிப்புக்குக் கைத்துணையாக நிற்கும் வீரசிங்கம், தீயணைப்பு லொறியைப் பார்த்துக்கொள்ளும் முருகேசு, காவலாளிகள், புல்லு வெட்டுகிறவர்கள், எல்லோரும் அவள் கையால் தின்றவர்கள். வீரசிங்கத்தின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது படகேறிப் போய்ப் பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். இறைச்சி தின்னாத சோமசேகரத்துக்கு மறக்காமல் வட்டிலப்பம் மட்டும் தனிச் சட்டியில் போகும். எவரையும் தன் முன்னால் கதிரையில் இருக்கவிடாத அந்த மனிதர் அதை வழித்து வழித்துச் சாப்பிடுவார் என்று முருகேசு சொல்லிச் சிரிப்பான்.

அறுபத்தாறாம் ஆண்டு மாரியில் ஸல்ஹாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் டாக்டர் முத்தலிப்பைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதன் அர்த்தத்தை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஸல்ஹா கேட்டது ஒன்றுதான். மகனின் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும். ஸெய்னுதீன் அப்போது பதினெட்டு வயதுப் பொடியன். கொழும்பில் ஒரு பிடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. மழையில் ரயில் பாதை உடைப்பெடுத்துக் கிடந்த நேரம். முத்தலிப் தலையைக் குனிந்தபடி சோமசேகரத்தின் முன்னால் போய் நின்றார். வாய் திறக்க வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்ட சோமசேகரம், அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். வானொலியில் கொழும்பு விமான நிலையத்தைக் கூப்பிட்டு, அங்கிருந்த ஒருவரைக் கடைக்கே அனுப்பி, மறுநாள் விமானத்தில் பொடியனுக்கு ஓர் இடமும் பிடித்துக்கொடுத்தார்.

"தாய்க்குச் சுகமில்லை எண்டு மட்டும்தான் சொல்லச் சொன்னனான்" என்றார். "நாளைக்கு நீங்கள் வேலைக்கு வரத் தேவையில்லை, முத்தலிப். மனிசியோட இருங்கோ. இங்க பார்க்க ஆக்கள் இருக்கினம்."

ஸல்ஹா விமானம் வரும்வரை பொறுத்திருக்கவில்லை. மறுநாள் விடியற்காலை, சுபஹு தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில், அக்காள் ஆமினா உம்மாவின் மடியில் தலை இருக்க, உயிர் பிரிந்தது. மகன் அப்போது கொழும்பில் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்திருப்பான்.

மையித்தை வைத்துத் தாமதிப்பது அவர்கள் வழக்கமில்லை. அதிலும் மாரிகாலம். மழை மறுபடி பிடித்தால் கபுறுக் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். வெய்யில் ஏறுமுன் அடக்கிவிடுவோம் என்று பள்ளிவாசல் பெரியவர்கள் சொன்னார்கள். எந்தச் சபையிலும் வாயைத் திறக்காத முத்தலிப் அன்றைக்கு வாயைத் திறந்தார். பகல் விமானத்தில் மகன் வருகிறான், இறங்கினால் படகேறி நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் வந்துவிடுவான், அவன் தாயின் முகத்தைப் பார்க்கட்டும், அதுவரைக்கும் பொறுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லுஹர் தொழுதுவிட்டு எடுப்போம், அதற்கு மேல் ஏலாது என்று முடிவாயிற்று. ஸல்ஹாவைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கபனிட்டார்கள். முகத்தை மட்டும் மகனுக்காகத் திறந்து வைத்திருந்தார்கள்.

காலையிலேயே துறையைக் கடந்து போன ஒருவரிடம் முத்தலிப் தளத்துக்குச் செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். ஸல்ஹா மௌத்து, லுஹருக்கு எடுக்கிறோம். அவ்வளவுதான் சொல்லி அனுப்பினார். மாடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தார். பின்னாளில் அந்த நினைப்பை எத்தனையோ தடவை நொந்துகொண்டார்.

முதலில் வந்தவர் வீரசிங்கம். கண் சிவந்து, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, முற்றத்துக்குள் வந்ததும் வராததுமாக முத்தலிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். முத்தலிப் அதுவரைக்கும் அழவில்லை. வீரசிங்கத்தின் தோளில்தான் அழுகை வந்தது. பிறகு காவலாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். தளத்தில் புல்லு வெட்டுகிறவர்கள் எல்லோரும் கிண்ணியா ஆட்கள். அவர்கள் விடிந்ததிலிருந்து மையவாடியில் கபுறு வெட்டிக்கொண்டு நின்றார்கள். ஸல்ஹாவுக்கு இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே என்று முத்தலிப்பின் மனம் அந்தத் துக்கத்துக்குள்ளும் நிறைந்தது. அப்போதுதான், படலையைத் தள்ளிக்கொண்டு, தலையில் துவாயைப் போட்டபடி முருகேசு உள்ளே வந்தான்.

வீரசிங்கத்தின் முகம் வெளிறிப் போயிற்று.

தளத்தைப் பார்த்துக்கொள் என்று முருகேசுவிடம் சொல்லிவிட்டுத்தான் வீரசிங்கம் வந்திருந்தார். முருகேசுவுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. அத்தனை பெருநாள் சோறு தின்ற வயிறு. ஒரு எட்டு முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடிவரலாம், மழைநாளில் விமானம் எப்போதும் பிந்தித்தானே வரும், அதற்குள் ஒன்றும் ஆகாது, எதற்கும் புல்லு வெட்டுகிறவர்கள் நிற்பார்கள் என்று நினைத்துப் படகேறிவிட்டான். புல்லு வெட்டுகிறவர்கள் தளத்துக்கே வந்திருக்கவில்லை. காவலாளிகளோ, வீரசிங்கம் போகிறார், முருகேசு நிற்கிறான் என்று நினைத்து வந்தவர்கள். செத்த வீட்டுக்கு முகம் காட்டாமல் இருப்பது எப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அந்த நினைப்பில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் வந்தார்கள். தளத்தில் மிஞ்சியது வானொலிக்கு முன்னால் சோமசேகரம் ஒருவர்தான். அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்ப முடியாது.

"றன்வேயில ஆர் நிக்கிற?" என்று முத்தலிப் மெதுவாகக் கேட்டார். வீரசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துறையைப் பார்த்து ஓடினார். படகு அப்போதுதான் அக்கரைக்குப் புறப்பட்டுப் பாதித் தூரம் போயிருந்தது. கரையில் நின்று கத்தினார். அதை யார் திருப்புவார்கள்?

அந்த நேரத்தில் விமானம் வந்தது.

மழை பெய்த மறுநாட்களில் மாடுகள் புல்லில் படுப்பதில்லை. புல் ஈரம். காய்ந்து சற்றுச் சூடேறிய தார்ப்பாதை அவற்றுக்குச் சுகம். ஓடுபாதையின் நடுவே அவை கால்களை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பது இங்கே முற்றத்தில் நின்ற முத்தலிப்பின் மனக்கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் தாழ்ந்துகொண்டு வந்தது. அடங்கவில்லை. திடீரென்று உறுமி மேலே எழும்பியது. கிண்ணியாவுக்கு மேலே வளைந்து, அவருடைய வீட்டுக் கூரைக்கு நேரே, என்றும் இல்லாத தாழ்வில் பறந்து போயிற்று. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. இரண்டாம் சுற்றில் முத்தலிப் தன்னை அறியாமலே கையை உயர்த்தினார். கையில் கொடி இல்லை. கொடி இருந்திருந்தாலும் அங்கே நின்று காட்டி என்ன பிரயோசனம்?

சத்தம் வடக்கே திரும்பித் தேய்ந்துபோயிற்று. யாழ்ப்பாணத்துக்கு. மழைநாளில் இங்கே இறங்க முடியாவிட்டால் அங்கே போய் இறங்கி, இரவு தங்கி, மறுநாள் காலைதான் அது திரும்பி வரும். முத்தலிப்புக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் உள்ளே போனார். ஆமினா உம்மா தங்கையின் முகத்தில் இலையான் மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். "ராத்தா, இனி முகத்தை மூடுங்க" என்றார். ஆமினா உம்மா விசிறியை வைத்துவிட்டு முகத்தை மூடினாள். அவளுக்கும் சத்தம் கேட்டிருந்தது. லுஹர் தொழுகை முடிந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

பின்னேரம் சோமசேகரம் வந்தார். காற்சட்டை முழங்காலில் கிழிந்து, சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கொடியைக் காணாமல் தவித்து, வானொலியை விட்டுவிட்டு, தன் வாழ்நாளில் ஓடியறியாத அந்த மனிதர் ஓடுபாதைக்கு ஓடியிருக்கிறார். ஒரு பக்கம் விரட்ட மறுபக்கம் வந்து படுத்திருக்கின்றன. வழுக்கி விழுந்து எழும்பி மறுபடியும் ஓடியிருக்கிறார். கதிரை எடுத்துப் போட்டார்கள். அவர் இருக்கவில்லை. மற்றவர்களோடு ஈர மண்ணில் குந்தினார்.

வீரசிங்கம் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் கலைந்த பிறகு முத்தலிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஏசுங்கோ காக்கா. நாலு அடியாவது அடியுங்கோ" என்றார்.

முத்தலிப் அவருடைய கையைத் தன் மற்றக் கையால் மூடினார். பிறகு சொன்னார்: "நீ ஸல்ஹாவுக்கு எண்டுதானே வந்தனி, தம்பி."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் எடுத்ததில்லை.

மறுநாள் விடிய முத்தலிப் வேலைக்குப் புறப்பட்டார். மௌத்து வீட்டுக்காரன் வெளியே போவதா என்று ஊர் கேட்டது. மகனை நான்தான் இறக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகேறினார். கழுத்து வெளுத்த கிழட்டுப் பசு வழக்கமான இடத்தில் படுத்திருந்தது. அதன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கழுத்தில் கையை வைத்தார். கதைக்கத்தான் எதுவும் வரவில்லை. அது தானாகவே எழும்பி அவரோடு நடந்தது. கொடியை உயர்த்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விமானம் ஒரு சுற்றும் சுற்றாமல் நேரே வந்து இறங்கியது.

ஸெய்னுதீன் படியிறங்கி வந்தான். வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். முத்தலிப் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, உம்மா போய்விட்டா மகன் என்றார். பொடியன் தலையை அசைத்தான். வீரசிங்கம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முத்தலிப் அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "நேத்து முகில் சரியாப் பதிஞ்சு கிடந்திச்சு. அதுதான் பிளேனுக்கு இறங்க ஏலாமப் போயிட்டு" என்றார்.

"ஓம் வாப்பா" என்றான் ஸெய்னுதீன்.

முத்தலிப் தன் வாழ்நாளில் மகனிடம் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று சொல்லலாம். நேரே மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈரம் காயாத கபுறுக்குப் பக்கத்தில் இருவரும் நின்று ஓதினார்கள். பொடியன் அழவில்லை. அது முத்தலிப்பை மிகவும் வாட்டியது. தாயின் முகத்தைப் பாராததால் பிள்ளைக்கு அழுகை உள்ளேயே இறுகிவிட்டது, அதற்கும் நான்தான் காரணம் என்று நினைத்தார். அந்த நினைப்பை இறக்கிவைக்க அவருக்கு இடமில்லை. முன்பென்றால் ஸல்ஹாவிடம் சொல்லியிருப்பார்.

காலம் போயிற்று. வீரசிங்கம் அதற்குப் பிறகு விமானம் வரும் நாட்களில் எந்தச் செத்த வீட்டுக்கும் போனதில்லை. சொந்தத் தமையன் செத்தபோதுகூட, விமானம் இறங்கி ஏறிய பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். எழுபத்தைந்தில் மாரடைப்பில் அவரும் போய்ச் சேர்ந்தார். சோமசேகரம் மாற்றலாகிப் போனார். முத்தலிப் இன்னொரு கலியாணம் செய்யவில்லை. கேட்டவர்களிடம், எனக்கு மாடே காணும் என்று பகிடி விட்டார். மகனுக்குக் கலியாணம் செய்துவைத்தார், பேத்தியையும் கண்டார், பென்சன் எடுத்தார்.

எழுபத்தொன்பதில் ஸெய்னுதீனுக்குச் சவூதியில் வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று காலை, மகனை வழியனுப்ப முத்தலிப் துறை வரைக்கும் போனார். படகு அக்கரையில் நின்றது. அது வரும்வரை இருவரும் கரையிலிருந்த கல்லில் இருந்தார்கள். என்ன கதைப்பது என்று தெரியாமல், கடலுக்கு மேலால் போகிற பெரிய பிளேன், பயமாக இருக்காதா என்று மகனிடம் கேட்டுவைத்தார்.

ஸெய்னுதீன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கும் எனக்குப் பயமில்ல வாப்பா" என்றான். "உம்மாட மௌத்தண்டைக்கு. பிளேன் பதிஞ்சு வரக்குள்ள நான் கண்டன், றன்வே முழுக்க மாடு படுத்துக் கிடந்திச்சு. முகில் ஒண்டும் இல்ல. நீங்க நிண்டா மாடு கிடக்காதே. உம்மா சுகமில்லாமக் கிடந்தாலும் பிளேன் நேரத்துக்கு நீங்க வந்து நிப்பீங்க. நீங்க இல்லயெண்டா உம்மா இல்ல. அந்தரத்திலயே எனக்கு விளங்கிட்டு."

முத்தலிப் மகன் பக்கமாகத் திரும்பினார்.

"பிறகு வீட்டையும் கண்டன். முத்தம் நிறைய ஆக்கள். ஒராள் மட்டும் கையைத் தூக்கினார்."

"ஏன் மகன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"வீரசிங்கம் மாமா பக்கத்தில நிண்டவர். நீங்க முகில் எண்டு சொன்னீங்க. சரி எண்டு விட்டுட்டன்."

அக்கரையிலிருந்து படகு புறப்பட்டுவிட்டது. முத்தலிப் தன் மனதில் பதின்மூன்று வருடமாகக் கிடந்த கேள்வியைக் கேட்டார். அழுதாயா மகன் என்றார்.

"யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் அழுதன். பக்கத்தில ஒராள் இருந்தார். எனக்கு பிளேன் பயம் எண்டு நினைச்சிட்டார். பயப்படாத தம்பி, ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல எண்டு சொல்லிச் சொல்லி, இறங்குமட்டும் என்ட கையை விடல்ல."

"ஆர் அவர்?"

"தெரியா வாப்பா. பேர் கேக்கல்ல."

படகு வந்து கரை தட்டியது. ஸெய்னுதீன் வாப்பாவின் கையை முத்தமிட்டுவிட்டு ஏறினான்.

அன்று லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தியபோது முத்தலிப் ஸல்ஹாவுக்காகக் கேட்டார், மகனுக்காகக் கேட்டார். பிறகு, மகனின் கையைப் பிடித்திருந்த அந்தப் பேர் தெரியாத ஆளுக்காகவும் கேட்டார். மூன்று வருடம் கழித்து மௌத்தாகும்வரை, ஒரு தொழுகையிலும் அவரை விட்டதில்லை.